சுவருக்குள் என்ன நடக்கிறது? அமெரிக்க சமுதாயக் கல்லூரியில் கட்டடப் படிப்பு

அமெரிக்காவில் கட்டடத் தொழிலுக்கு வர இரண்டு வழிகள் பலருக்கும் தெரியும். ஒன்று, நேரே வேலைக்குப் போய்க் கையால் கற்றுக்கொள்வது. இன்னொன்று, நான்காண்டுப் பல்கலைக்கழகப் பட்டம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது சமுதாயக் கல்லூரி. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரியை இவற்றில் முன்னோடி என்பார்கள். இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் இத்தகைய அரசுக் கல்லூரிகள் நூற்றுக்கும் மேல்.

பள்ளிப்படிப்பை முடித்த எவரும் பெரும்பாலும் சேரலாம். ஓரிரு பருவங்களில் சான்றிதழ் கிடைக்கும். இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 60 கிரெடிட் முடித்தால் அசோசியேட் பட்டம். பகலில் வேலை பார்ப்பவர்களுக்காக மாலை வகுப்புகளும் உண்டு.

என்ன கற்றுத் தருகிறார்கள்?

வரைபடம் படிப்பது, பொருட்செலவைக் கணக்கிடுவது, கட்டட விதிகள், பணியிடப் பாதுகாப்பு ஆகியவை அடிப்படைப் பாடங்கள். பட்டறையில் மரச்சட்டச் சுவரை மாணவர்களே எழுப்புவார்கள். கடையில் ‘டூ பை ஃபோர்’ என்று விற்கும் மரம் உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம்தான் என்பதை அங்கே அளந்து பார்ப்பார்கள். சட்டங்களை 16 அங்குல இடைவெளியில் நிறுத்துவதற்கும் காரணம் இருக்கிறது: பிளைவுட் பலகையின் அகலம் 48 அங்குலம், இந்த இடைவெளி இருந்தால் பலகையின் இரு ஓரங்களும் சட்டத்தின் மேல் சரியாக வந்து உட்காரும்.

கட்டட அறிவியல் என்றால்?

வெப்பம், காற்று, நீர், நீராவி ஆகிய நான்கும் வீட்டுக்குள்ளும் வெளியிலும் எப்படி நகர்கின்றன என்று ஆராயும் துறை இது; இந்தப் படிப்பில் இதுவும் இடம்பெறும். ஓர் உதாரணம் பார்ப்போம்.

மினசோட்டாவில் கடுங்குளிர். வீட்டுக்குள் இருக்கும் வெதுவெதுப்பான, ஈரமான காற்று சுவரின் இடுக்குகளுக்குள் கசிந்தால், குளிர்ந்த வெளிப்பலகையில் பட்டு நீராகப் படியும். நாளடைவில் மரம் இற்றுவிடும். அதனால் நீராவித் தடுப்புத் தாளைச் சுவரின் உட்பக்கம் பொருத்துகிறார்கள். ஃப்ளோரிடாவில் நிலைமை தலைகீழ். வெளியே புழுக்கம், உள்ளே ஏசி. ஈரம் வெளியிலிருந்து உள்நோக்கி வரும். அங்கே உட்பக்கம் அதே தாளையோ, வினைல் சுவர்த்தாளையோ ஒட்டினால் ஈரம் அதன் பின்னால் மாட்டிக்கொண்டு பூஞ்சை பிடிக்கும். ஓரிடத்தில் சுவரைக் காத்த பொருளே இன்னோரிடத்தில் அதைக் கெடுக்கிறது.

காற்றுக்கசிவை அளக்க ‘புளோவர் டோர்’ என்ற கருவி உண்டு. வாசற்காலில் பெரிய மின்விசிறியைப் பொருத்தி, வீட்டின் உள்ளழுத்தத்தை வெளியைவிட 50 பாஸ்கல் குறைப்பார்கள். அந்த நிலையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை வீட்டுக் காற்று முழுதும் மாறுகிறது என்பதே கணக்கு. எரிசக்தி விதித்தொகுப்பின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பு, புதிய வீடுகளுக்கு அமெரிக்காவின் பெரும்பகுதியில் 3 முறை, வெப்பமான தென்கோடிப் பகுதிகளில் 5 முறை என்று வரம்பு வைத்தது.

கசிவை அடைத்துவிட்டால் மட்டும் போதாது. இறுக்கமான வீட்டில் சமையலறை விசிறி காற்றை வெளியே இழுக்கும்போது, எரிவாயு வெந்நீர்க் கலனின் புகை, புகைபோக்கி வழியே மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பலாம். அதில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே கசிவை அடைப்பதையும் காற்றோட்டம் அமைப்பதையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள்.

படித்தபின்?

கட்டட ஆய்வாளர், மதிப்பீட்டாளர், பணித்தள மேற்பார்வையாளர், வீட்டு எரிசக்தித் தணிக்கையாளர் என வேலைகள் பல. சில பதவிகளுக்கு அனுபவமும் உரிமத் தேர்வும் தேவைப்படும். பல்கலைக்கழகத்துக்கு மாறிப் படிப்பைத் தொடரலாம். ஆனால் தொழிற்பாடக் கிரெடிட்கள் எல்லாவற்றையும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை.

வெளிநாட்டு மாணவர்கள் எஃப்-1 விசாவில் சேர முடியும். உள்ளூர் மாணவர்களைவிடக் கட்டணம் அதிகம். கூட்டரசின் பெல் உதவித்தொகையும் கிடைக்காது.

சேருமுன் கல்லூரியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். மாணவர்கள் கையால் கட்டிப் பார்க்கப் பட்டறை இருக்கிறதா? எந்தப் பல்கலைக்கழகத்துடன் கிரெடிட் மாற்ற ஒப்பந்தம் இருக்கிறது? கட்டட அறிவியல் தனிப்பாடமா, அல்லது வேறொரு பாடத்தில் ஓர் அத்தியாயம் மட்டுமா? மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்த பிறகு கட்டணத்தைக் கட்டுங்கள்.