ஓய்வும் இயக்கமும்: இதய வால்வுச் சத்திர சிகிச்சையை முன்வைத்து ஒரு நோக்கு

1

இதய வால்வு நோயாளருக்கு நம்மவர் மத்தியிலே வழமையாகக் கூறப்படும் அறிவுரை, 'ஒன்றுஞ் செய்யாமற் படுத்திருங்கள்' என்பதாகும். சத்திர சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கும் இதுவே கூறப்படுகின்றது. அன்பின்பாற்பட்ட இவ்வறிவுரை மருத்துவ அறிவின்பாற்பட்டதா என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. மறுபுறத்திலே, நகர்ப்புற நடுத்தர வர்க்கத்தினரிடையே நடைப்பயிற்சி ஏறத்தாழ ஒரு நோன்பின் தகுதியைப் பெற்றுவிட்டது. இவ்விரு மனப்பாங்குகளும் ஓய்வையும் இயக்கத்தையும் ஒன்றையொன்று விலக்கும் இரு துருவங்களாகவே கொள்கின்றன. ஆயின் நோயின் எக்கட்டத்தில், எவ்வகை இயக்கம், எவரது கட்டுப்பாட்டின் கீழ் நிகழ்கின்றது என்பதே அடிப்படை வினா. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவர்க்கு இதில் என்ன அக்கறை என வினவப்படலாம். 'வேலை', 'ஓய்வு', 'பாரம்' ஆகிய சொற்கள் மருத்துவ அறிவுரையிலே வரும்பொழுதும் தமது சமூகப் பொருளை இழந்துவிடுவதில்லை. அவற்றின் பொருளை ஆராய்வது நமது துறைக்குப் புறம்பானதன்று.

2

இதயத்திலுள்ள நான்கு வால்வுகளும் குருதி ஒரு திசையில் மாத்திரம் செல்வதை உறுதிப்படுத்துவன. இடது சோணையறைக்கும் இடது இதயவறைக்கும் இடையே இருகூர் வால்வும், வலப்புறத்தில் முக்கூர் வால்வும், பெருநாடியினதும் நுரையீரல் நாடியினதும் வாயில்களில் அரைமதி வால்வுகளும் அமைந்துள்ளன. நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கும் இதயத்திலே இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 தடவை திறந்து மூடுகின்றன. இவற்றுக்கு நேரும் கேடுகள் அடிப்படையில் இருவகைப்படும். வாயில் ஒடுங்கிக் குருதி செல்லத் தடையுண்டாதல் ஒன்று; சரிவர மூடாது குருதி பின்னோக்கிக் கசிதல் மற்றையது. இரண்டும் ஒருவரிடத்தே சேர்ந்திருத்தலும் உண்டு.

இந்நோய்களின் சமூகப் புவியியல் மனங்கொளத்தக்கது. செல்வந்த நாடுகளிலே இன்று வால்வுச் சத்திர சிகிச்சைக்கு உள்ளாகுவோரிற் பெரும்பாலார் முதியோர். முதுமையில் வால்வு சுண்ணாம்பேறித் தடிப்பதே அங்கு முதன்மையான காரணம். ஆசிய, ஆபிரிக்க நாடுகளிலோ இளம் வயதினரின் வால்வுகளைச் சிதைப்பது பெரும்பாலும் வாதக் காய்ச்சலே. பிள்ளைப் பருவத்துத் தொண்டைப் புண் ஒன்றிலே தொடங்கி, உடலின் எதிர்ப்பாற்றல் தன் வால்வுகளையே தாக்குவதாய் முடியும் நோய் இது. நெருக்கடியான குடியிருப்பு அதன் விளைநிலம்; தொண்டைப் புண்ணை வேளைக்குக் கண்டு பெனிசிலின் கொடுத்தலே அதன் தடுப்பு. உலகில் நாலு கோடிக்கு மேற்பட்டோர் வாத இதய நோயுடன் வாழ்கின்றனர். 2018 இலே உலக சுகாதாரப் பேரவை இது குறித்துத் தனித் தீர்மானம் நிறைவேற்ற நேர்ந்தது. பெனிசிலின் பயன்பாட்டுக்கு வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னரும் இந்நோய் நிலவுவது மருத்துவ அறிவின் குறைபாட்டினாலன்று என்பது சொல்லாமலே விளங்கும்.

3

படுக்கை ஓய்வு என்னும் கோட்பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இதய நோயாளர் வாரக்கணக்கிற் படுக்கையிலே கிடத்தப்பட்டனர். 1923 இல் பொஸ்ரன் நகரிலே எலியட் கட்லர், 12 வயதுச் சிறுமியொருத்தியின் ஒடுங்கிய இருகூர் வால்வைக் கத்திகொண்டு விரித்தார். 1925 இல் லண்டனிலே ஹென்றி சூட்டர், இளம்பெண் ஒருத்தியின் இதயத்துள் விரலை நுழைத்து அதே வால்வை விரித்தார், அவள் பிழைத்தாள். எனினும் அதன் பின்னர் எந்த மருத்துவரும் சூட்டரிடம் வேறு நோயாளரை இதற்கென அனுப்பவில்லை. நோய் இதயத் தசையிலேயே உள்ளது, வால்வில் அன்று என்ற கருத்து அக்காலத்தில் மேலோங்கியிருந்தமை இதற்குக் காரணமாகும். இவ்வகைச் சத்திர சிகிச்சை மீளத் தொடங்குவதற்கு 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1960 இலே செயற்கை வால்வுகள் இதயத்தினுள் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டன. 2002 இல் பிரான்சில் அலன் கிரிபியர், நெஞ்சைத் திறவாது குழாய்வழியாக வால்வைப் பொருத்தினார்.

ஓய்வு பற்றிய கருத்தும் இதே காலப்பகுதியில் மாறிற்று. 1947 இலே பிரித்தானிய மருத்துவர் ரிச்சட் ஆஷர், படுக்கையில் கிடப்பதன் தீங்குகளை விளக்கிக் கட்டுரை எழுதினார். கட்லரின் 1923 ஆம் ஆண்டு முயற்சியிலே துணைநின்ற சாமுவேல் லெவின், 1952 இல் பேணார்ட் லவுணுடன் இணைந்து, மாரடைப்பு நோயாளரைப் படுக்கையிலன்றிச் சாய்கதிரையில் இருத்திப் பராமரிக்கும் முறையை வெளியிட்டார். 1966 இல் டலஸ் நகர ஆய்வொன்று ஐந்து ஆரோக்கியமான இளைஞரை மூன்று வாரம் படுக்கையில் வைத்தது. உச்ச முயற்சியின்போது ஒட்சிசனைப் பயன்படுத்தும் அவர்களது ஆற்றல் நான்கிலொரு பங்குக்கு மேலாகக் குறைந்தது. அதே ஐவரை 30 ஆண்டுகளின் பின் மீளச் சோதித்தபொழுது, முப்பதாண்டு மூப்பு விளைவித்த குறைவிலும் அம்மூன்று வாரப் படுக்கை விளைவித்த குறைவே பெரிதெனத் தெரிந்தது. ஓய்வு என்பது தீங்கற்ற வெறுமை அன்று. அதுவும் உடலின்மீது செயற்படும் ஒரு விசையே.

4

இனி, சத்திர சிகிச்சைக்கு முந்திய காலத்தை நோக்குவோம். இங்கு எல்லா வால்வு நோயையும் ஒன்றெனக் கொள்ளுதல் தவறாகும். இருகூர் வால்வு ஒடுங்கியவரிடத்தே, இதயம் விரியும் இடைவேளையிலேதான் குருதி அவ்வாயிலைக் கடக்கவேண்டும். விரைந்து மேடேறும்போது நாடித்துடிப்பு விரைவாகி அவ்விடைவேளை குறுகுகின்றது. குருதி நுரையீரலிலே தேங்கி மூச்சு முட்டுகின்றது. பெருநாடி வால்வு ஒடுங்கியவரிடத்தே நிலைமை வேறு. இயல்பாக 3 முதல் 4 சதுர சென்ரிமீற்றர் வரையான அவ்வாயில் 1 சதுர சென்ரிமீற்றருக்குக் குறையும்பொழுது, உழைக்கும் தசைகள் வேண்டும் குருதியை இதயம் வெளியேற்ற இயலாது. முயற்சியின்போது நெஞ்சுநோ, தலைச்சுற்று, மயக்கம் என்பன தோன்றின் அவை உடனே நிறுத்துமாறு உடல் விடுக்கும் கட்டளை; வைத்தியரைத் தாமதமின்றி நாடவேண்டிய அறிகுறி. இந்நிலையிலே கடும் பயிற்சி ஆபத்தானது. வால்வு கசிவோரோ நெடுங்காலம் இடரின்றி இயங்குதல் கூடும்.

இவ்விடத்திலே ஒரு நுட்பம் கவனிக்கப்பட வேண்டும். நோய் மெல்ல வளரும்பொழுது நோயாளர் தம்மையறியாமலே தமது இயக்கத்தைச் சுருக்கிக்கொள்கின்றனர். கோயில் வீதியை முன்னர் மூன்று முறை சுற்றியவர் ஒருமுறையுடன் நின்று 'வயது போய்விட்டது' என்கிறார். 'ஏதும் வருத்தம் உண்டா?' என்று கிளினிக்கில் வினவினால் 'இல்லை' என்பதே விடை. 'போன வருடம் செய்த எதனை இப்பொழுது செய்வதில்லை?' என்ற வினாவே உண்மையை வெளிக்கொணரும். நோயாளர் இதனைத் தாமே எண்ணிப்பார்த்து வைத்தியருக்குக் கூறுதல் நன்று. அறிகுறியற்ற நோயாளர் சிலரை மேற்பார்வையின் கீழ் நடக்கச்செய்து சோதிப்பதும் இக்காரணம் பற்றியே.

ஆகவே வால்வு நோய் இலேசானதாயின் வழமையான இயக்கத்தைக் கைவிட வேண்டியதில்லை. நோய் கடுமையானதாயின், வைத்தியர் அனுமதித்த எல்லைக்குள், பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில் சமதரையிலே நடத்தல் பெரும்பாலார்க்கு இயலும். காத்திருக்கும் மாதங்களில் தசைகளை முற்றாக நலிய விட்டவர், சத்திர சிகிச்சையின் பின் எழுந்து நிற்கவே மிகுந்த பிரயாசைப்படுவார். ஆழ்ந்து மூச்செடுத்தலையும், தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமுதலையும் முன்கூட்டியே பழகிக்கொள்ளல் பின்னர் நுரையீரற் சிக்கல்களைக் குறைக்க உதவும். புகைத்தலை நிறுத்துதலும், பல் நோய்களுக்கு முன்னரே சிகிச்சை பெறுதலும் இவ்வாயத்தத்தின் பகுதிகளே. பல்லீறிலிருந்து குருதியிற் கலக்கும் கிருமிகள் புதிய வால்வைப் பற்றிக்கொள்ளக்கூடும்.

5

சத்திர சிகிச்சையின் பின்னர், நிலைமை சீராயிருப்பின், நோயாளர் முதல் ஓரிரு நாட்களிலேயே கதிரையில் இருத்தப்படுகின்றார். தொடர்ந்து கட்டிலருகிலும் வார்ட்டிலும் நடக்க வைக்கப்படுகின்றார். வீடு திரும்பியபின் ஒரே நீண்ட நடையிலும், நாளிற் பலமுறை நடக்கும் குறு நடைகளே ஏற்றவை. ஐந்து நிமிடம் பத்தாகவும், பத்து நிமிடம் பதினைந்தாகவும் படிப்படியாய் வளர்தல் வேண்டும். நடந்தவாறே பேச முடிகின்றதா என்பது எளிய அளவுகோல். பேச்சுத் தடைப்படுமாயின் வேகம் மிகை எனக் கொள்ளலாம்.

நெஞ்செலும்பைப் பிளந்து செய்யப்படும் சிகிச்சையின் பின் அவ்வெலும்பு பொருந்த ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை செல்லும். இக்காலத்திலே ஏறத்தாழ 5 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்குதல், தள்ளுதல், இழுத்தல் என்பன பொதுவாக விலக்கப்படுகின்றன. இதன் பொருள் கைகளை அசைக்கலாகாது என்பதன்று. முழங்கைகளை உடலோடு அணைத்தவாறு அளவாக இயக்கினால் நெஞ்செலும்புக்குத் தீங்கில்லை என்ற கருத்து அண்மைக்காலத்தில் வலுப்பெற்றுள்ளது. நெஞ்செலும்பு அசைவதுபோன்ற உணர்வு, காயத்திலிருந்து நீர்வடிதல், காய்ச்சல், கால்வீக்கம், திடீர் நிறைக்கூடுதல், படபடப்பு, மயக்கம் ஆகியன தோன்றின் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். செயற்கை வால்வுடையவருக்கு வரும் காய்ச்சலைச் சாதாரண தடிமற் காய்ச்சல் எனத் தாமே தீர்மானித்து மருந்து வாங்கி விழுங்குதல் கூடாது.

உலோக வால்வு பொருத்தப்பட்டவர் ஆயுள் முழுவதும் வார்பரின் உட்கொள்ளவும், குருதி உறைதலின் அளவைக் காலத்துக்குக் காலம் சோதிக்கவும் வேண்டும். நடை, மிதமான ஓட்டம், தோட்டவேலை என்பன இவருக்கும் உரியவையே. ஆயினும் உடலோடு உடல் மோதும் விளையாட்டுக்களும், விழுந்து அடிபடக்கூடிய வேலைகளும் குருதிப்பெருக்கை விளைவிக்கலாம்.

முறைப்படுத்தப்பட்ட பயிற்சியின் பயன் குறித்து டென்மார்க்கில் 147 வால்வு நோயாளரிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு 2016 இல் வெளியாயிற்று. பயிற்சியும் ஆலோசனையும் பெற்றோரின் உடலாற்றல் நான்கு மாதங்களின் பின் ஏனையோரினதிலும் உயர்ந்திருந்தது. ஆனால் அவர்கள் தமது மனநலத்தைத் தாமே மதிப்பிட்டபோது வேறுபாடு காணப்படவில்லை. உடல் தேறுதலும் வாழ்வு தேறுதலும் ஒன்றல்ல என்பதற்கு இதனை ஒரு குறிப்பாகக் கொள்ளலாம்.

6

இப்பொழுது நமது அடிப்படை வினாவுக்கு வருவோம். 1953 இல் ஜெரி மொறிசும் அவரது குழுவினரும் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தனர். நாள் முழுதும் இருந்தபடி பஸ்ஸைச் செலுத்துவோரிலும், இருதட்டு பஸ்களின் படிகளில் ஏறி இறங்கும் நடத்துநரிடையே முடியுருநாடி இதய நோய் குறைவு எனக் கண்டனர். இஃது வால்வு நோய் பற்றியதன்று. எனினும் இயக்கம் பற்றிய நவீன சிந்தனை உழைப்பாளரின் வேலைத்தலத்திலேயே தொடங்கிற்று என்பது நினைவுகூரத்தக்கது. இதிலிருந்து 'எந்த உழைப்பும் நன்மையே' என்ற முடிவுக்குச் சிலர் தாவுதல் உண்டு. ஆனால் 2021 இல் வெளியான, கோப்பன்ஹேகன் பகுதியில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்டோரை உள்ளடக்கிய ஆய்வு, ஓய்வுநேர உடலியக்கம் இதய நோய்க் குறைவுடனும், தொழில்வழி உடலியக்கம் அதன் மிகுதியுடனும் தொடர்புற்றிருப்பதைக் காட்டிற்று. இதன் காரணங்கள் பற்றி விவாதம் தொடர்கின்றது. பயிற்சி செய்பவன் களைத்தால் நிற்கிறான். கூலிக்கு உழைப்பவன் களைத்தாலும் நிற்க இயலாது. இவ்வேறுபாடு அவ்விவாதத்திலே புறக்கணிக்கத்தக்கதன்று.

நமது நாட்டுச் சூழலில் இதனைப் பொருத்திப் பார்க்கலாம். மலையகத்துப் பெண் தொழிலாளி ஒருவர் சரிவான மலைகளிலே ஏறி இறங்கி, முதுகிலே பாரத்தைச் சுமந்து கொழுந்து பறிக்கின்றார். நிர்ணயித்த நிறை பறிக்காவிடின் அரைப்பேர். அவருக்கு 'மூச்சு முட்டினால் சற்று நின்று ஆறுங்கள்' என்ற அறிவுரை, நாட்கூலியிற் பாதியை விடுங்கள் என்பதற்குச் சமமாகும். 'இலேசான வீட்டுவேலைகள் செய்யலாம்' என்பது வழமையாய்ச் சொல்லப்படும் இன்னொரு வாக்கியம். எவை இலேசானவை? ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. நிரம்பிய வாளி பத்துக் கிலோவுக்கு அண்மித்தது. கிணற்றில் தண்ணீர் அள்ளுதல், தேங்காய் திருவுதல், அம்மியில் அரைத்தல், பிள்ளையைத் தூக்குதல் ஆகிய யாவும் நெஞ்செலும்பை இழுப்பன. இவை வேலையென்றே கணிக்கப்படாத சமூகத்தில், ஐந்து கிலோ விதி ஆண்களின் தொழிலுக்கு மாத்திரம் உரிய விதியாகிவிடுகின்றது. வீட்டார் பெண் நோயாளரை நடைக்கு அனுப்பார். ஆனால் கிணற்றடிக்கு அனுப்புவர்.

ஆகவே, அறிவுரை கூறுவோர் 'பாரம்', 'இலேசான வேலை' என்னும் பொதுச் சொற்களை விடுத்து, நோயாளரின் உண்மையான வேலைகளைப் பெயர்சொல்லிக் கேட்டு, எது எத்தனை வாரத்தின் பின் என வரையறுத்தல் வேண்டும். வீட்டார் அவ்வேலைகளைப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். வேலைத்தலத்திலே நோயாளர் படிப்படியாகப் பழைய வேலைக்குத் திரும்பவும், அதுவரை கூலி இழக்காதிருக்கவும் தொழிற்சங்கங்கள் உரிமை கோருதல் வேண்டும். இலவச மருத்துவம் ஒரு தொழிலாளிக்குப் புதிய வால்வை வழங்கக்கூடும். அவ்வால்வுடன் தன் மூச்சின் அளவுக்கேற்ப நடக்கவும் நிற்கவும் உள்ள உரிமையைச் சத்திர வைத்தியரால் வழங்க இயலாது. அது வைத்தியசாலைக்கு வெளியே, கூட்டாக வென்றெடுக்கப்பட வேண்டியது.