‘டீடூர்’: மலிவில் எடுத்த குற்றப்படமும் அதைப் பற்றிய தீராத வழக்கும்

1945ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் வெளியான ‘டீடூர்’ என்னும் கறுப்பு வெள்ளைக் குற்றப்படத்தைப் பார்த்தவர்கள் இன்றுவரை இரு அணிகளாகவே பிரிந்து நிற்கின்றனர். பின்னணிக் காட்சிகள் போலியாகத் தெரிகின்றன, கதையின் திருப்பங்கள் நம்பும்படியாக இல்லை, நாயகன் ஓயாமல் புலம்புகிறான் என்று ஒரு சாரார் குறைகூற, அமெரிக்கக் குற்றப்படங்களில் இந்த அளவுக்கு மனத்தை உலுக்குபவை மிகச் சிலவே என்று மறு சாரார் போற்றுகின்றனர். இவ்விரு சாராரும் தத்தம் தீர்ப்புக்குச் சான்றாகப் பெரும்பாலும் ஒரே காட்சிகளையே எடுத்துக்காட்டுவது இப்படத்துக்கே உரிய தனித்தன்மை. ஆகவே, சிக்கனம் எங்கே குறையாகவே நின்றுவிடுகிறது, எங்கே கலையாக மாறுகிறது என்பதைக் காட்சி காட்சியாகப் பிரித்துப் பார்த்தாலன்றி இவ்வழக்கில் நியாயம் சொல்ல இயலாது.

1930களிலும் 1940களிலும் அமெரிக்கத் திரையரங்குகள் ஒரே நுழைவுச்சீட்டுக்கு இரண்டு படங்களைக் காட்டிவந்தன. பெரிய நடிகர்கள் நடித்த முதற்படத்துக்கு வசூலில் பங்கு கிடைத்தது. உடன் காட்டப்பட்ட ‘பி படம்’ எனப்பட்ட இரண்டாம் படத்துக்கோ பெரும்பாலும் நிலையான வாடகை மட்டுமே கிடைத்தது. படம் எவ்வளவு சிறப்பாக அமைந்தாலும் வருமானம் உயராது என்பதால், செலவைக் குறைப்பது ஒன்றே இலாபத்துக்கான வழியாக இருந்தது. இத்தகைய படங்களையே நம்பி வாழ்ந்த சிறு நிறுவனங்களை ஹாலிவுட்டார் ‘வறுமை வரிசை’ என்று அழைத்தனர். அவ்வரிசையிலும் கடைக்கோடியில் இருந்ததாகக் கருதப்பட்ட புரொடியூசர்ஸ் ரிலீசிங் கார்ப்பரேஷன், சுருக்கமாக பி.ஆர்.சி., ‘டீடூர்’ படத்தைத் தயாரித்தது.

அந்நிறுவனத்தில் பணியாற்றிய இயக்குநர் எட்கர் ஜி. உல்மர் வேறொரு மரபிலிருந்து வந்தவர். 1904இல் இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த ஓலோமோட்ஸ் நகரில் பிறந்து, வியன்னாவில் வளர்ந்து, ஜெர்மானிய மௌனப்பட மேதை முர்னாவிடம் பணிபுரிந்த அவர், 1934இல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக இயக்கிய ‘தி பிளாக் கேட்’ நல்ல வெற்றி பெற்றது. எனினும், அந்நிறுவனத் தலைவரின் உறவினருடைய மனைவியான ஷெர்லியை அவர் காதலித்து மணந்ததை அடுத்துப் பெரிய நிறுவனங்களின் கதவுகள் அவருக்கு அடைபட்டன. அதன் பின்னர் சிறுபான்மை மொழிப் படங்களையும் மலிவுப் படங்களையும் எடுத்து வாழ்ந்த அவருடன், காட்சித் தொடர்ச்சியைக் கவனிக்கும் பணியில் ஷெர்லி உல்மர் இறுதிவரை துணைநின்றார்.

மார்ட்டின் கோல்ட்ஸ்மித் 1939இல் எழுதிய நாவலை அவரே திரைக்கதையாக்கிய இப்படத்தின் கதை சிறியது. நியூயார்க்கில் ஓர் இரவு விடுதியில் பியானோ வாசிக்கும் ஆல் ராபர்ட்ஸ், பாடகியான தன் காதலி சூ வாய்ப்புத் தேடி லாஸ் ஏஞ்சலீஸ் சென்றுவிட்டதால், வழிப்போக்கு வண்டிகளில் இடம் கேட்டு அவளிடம் புறப்படுகிறான். அவனை ஏற்றிக்கொண்ட ஹாஸ்கெல் என்பவன் வழியில் இறந்துபோக, கொலைப்பழி தன்மேல் விழும் என்றஞ்சும் ஆல், இறந்தவனின் உடை, பணம், கார், பெயர் ஆகிய அனைத்தையும் எடுத்துக்கொள்கிறான். பின்னர் அவன் ஏற்றிக்கொள்ளும் வேரா என்னும் பெண், ஹாஸ்கெலை முன்பே அறிந்தவள் என்பதால் உண்மையைக் கண்டுகொண்டு அவனை மிரட்டி ஆட்டுவிக்கிறாள். இறுதியில் அவளும் அவன் கையாலேயே, அவன் சொல்வதை நம்பினால் அவனறியாமலே, இறக்கிறாள்.

குறைகூறுவோர் சுட்டுவனவற்றுள் மறுக்க முடியாதவை உண்டு. ஆல் வண்டிகளில் இடம் கேட்டுச் செல்லும் தொடக்கக் காட்சிகளில், பிம்பம் இடவலமாகத் திருப்பப்பட்டிருப்பதால், அமெரிக்கக் கார்களின் ஓட்டுநர் இருக்கை வலப்புறமாகத் தோன்றுகிறது. நாயகன் கிழக்கிலிருந்து மேற்கே செல்வதை நிலப்படத்தில் உள்ளவாறு திரையில் வலமிருந்து இடமாகக் காட்ட விரும்பியே இவ்வாறு செய்தனர் என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். இப்பிழையையும் கனவுத்தன்மை என்று கொண்டாடும் இரசிகர்கள் உள்ளனர். அது அன்பின் மிகுதியேயன்றி மதிப்பீடு ஆகாது. காரில் செல்லும் காட்சிகளும் அத்தகையனவே: அசையாத காருக்குப் பின்னால் முன்பே எடுத்த சாலைக் காட்சியை ஓடவிடும் பின்திரை முறை, அக்காலத்தில் பெரிய நிறுவனங்களும் கையாண்டதுதான் என்றாலும், இங்கே அதன் செயற்கைத்தன்மை கண்ணை உறுத்தவே செய்கிறது.

நியூயார்க் தெருவில் ஆலும் சூவும் நள்ளிரவில் நடந்துசெல்லும் காட்சியை இவற்றோடு சேர்த்தெண்ணுவது நியாயமன்று. தெருவை அமைக்கப் பணமில்லாத நிலையில், ஒளிப்பதிவாளர் பெஞ்சமின் கிளைனும் உல்மரும் அரங்கை மூடுபனியால் நிரப்பி, அதனூடே பெயர்ப்பலகைகளும் விளக்குகளும் மட்டும் தெரியவிட்டனர். சூ தன்னை விட்டுப் பிரியப்போவதை ஆல் அறிந்துகொள்ளும் அக்கணத்தில், அவனைச் சுற்றி உலகமே கரைந்துபோயிருப்பதாக அந்தப் பனி உணர்த்துகிறது. பின்திரைக் காட்சியில் பணமின்மை வெறுமனே தெரிகிறது. இங்கே அது பொருளாக மாறியிருக்கிறது.

இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது படத்தின் பாட்டு. அக்கால அமெரிக்கக் குற்றப்படங்களில் பாடல் வரவேண்டுமெனில், பெரும்பாலும் கதைமாந்தர் ஒருவர் மேடைப் பாடகராக இருப்பார். ஓர் இரவு விடுதி, ஒரு வாத்தியக்குழு, மக்கள் முன்பே அறிந்த ஒரு மெட்டு ஆகியன இருந்தால் குறைந்த செலவில் கவர்ச்சி சேர்ந்துவிடும் என்பதால் பி படங்கள் பலவற்றில் இத்தகைய பாடல்கள் செருகப்பட்டன. அவை வந்தவுடன் கதை நின்றுவிடுகிறது என்ற பார்வையாளர் குறையும் பல படங்களுக்குப் பொருந்தும். ‘டீடூர்’ படத்தில் ஜிம்மி மெக்ஹ்யூவும் கிளாரன்ஸ் கேஸ்கிலும் 1926இல் உருவாக்கிய ‘ஐ கான்ட் பிலீவ் தட் யூ ஆர் இன் லவ் வித் மீ’ என்னும் புகழ்பெற்ற காதற்பாட்டே திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் வேறு பொருளோடு.

முதலில் அது நெவாடா மாநிலத்துச் சாலையோர உணவகம் ஒன்றில், காசு போட்டால் இசைத்தட்டு பாடும் பெட்டியிலிருந்து ஒலிக்கிறது. தாடி வளர்ந்து களைத்துப்போய் அமர்ந்திருக்கும் ஆல், அதை நிறுத்தும்படி கத்துகிறான். பின்னர் ஒளிப்பதிவுக் கருவி அவன் முகத்தை நெருங்க, சுற்றியுள்ள ஒளி மங்கி, கண்கள்மீது மட்டும் ஒரு கீற்று வெளிச்சம் எஞ்சுகிறது. மேசைமீதிருக்கும் காப்பிக் கோப்பை அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிகிறது. அங்கிருந்து நினைவு பின்னோக்கிச் செல்ல, அதே பாட்டை நியூயார்க் விடுதியில் சூ பாடுகிறாள், ஆல் பியானோ வாசிக்கிறான்; இது மகிழ்ச்சியின் பாட்டு. அடுத்து ஹாஸ்கெலின் காரை இரவில் ஓட்டிச் செல்லும்போது, பின்புறம் காட்டும் கண்ணாடியை ஆல் நோக்க, வெற்றி பெற்ற பாடகியாக சூ அதே பாட்டைப் பாடுவது அவன் கற்பனையில் விரிகிறது. அவளுக்குப் பின்னால் இசைக்கலைஞர்கள் எவரும் இல்லை. சுவரில் அவர்களுடைய பெரிய நிழல்கள் மட்டுமே சாய்ந்து வாசிக்கின்றன. ஒரு குழுவுக்குரிய செலவைக் குறைத்த அந்த நிழல்கள், அவ்வெற்றி வெறும் ஆசைதான் என்பதை ஒரு சொல்லும் இன்றிச் சொல்லிவிடுகின்றன. ஹாஸ்கெலின் சாவும் இக்காட்சியை ஒட்டியே நிகழ்கிறது. பாட்டை வெட்டியெறிந்தால் கதையின் முதுகெலும்பே முறிந்துவிடும் என்று சொல்லத்தக்க குற்றப்படங்கள் அரிது. இது அவற்றுள் ஒன்று.

நடிப்பைப் பொறுத்தவரை, வேராவாக நடித்த ஆன் சாவேஜைக் குறித்துப் பெரிய கருத்துவேறுபாடு இல்லை. படம் ஏறத்தாழப் பாதி கடந்த பின்னரே அவர் தோன்றுகிறார். தோன்றியதிலிருந்து படம் அவருடையது. அக்காலக் குற்றப்படங்களில் ஆணை மயக்கி அழிக்கும் பெண் பாத்திரங்கள் பட்டாடையும் ஒப்பனையுமாக வருவது வழக்கமாயிருக்க, வேரா கலைந்த தலையும் புழுதி படிந்த தோற்றமுமாக வந்து, மூச்சுவிட இடமின்றிச் சொற்களை வீசுகிறாள். அவளுடைய இருமல் உயிர்கொல்லும் நோயொன்றைக் குறிப்பால் உணர்த்துவதால், அந்தக் கொடுமைக்கு அடியில் ஒரு பேரச்சம் இருப்பதையும் உணர முடிகிறது. நாயகனாக நடித்த டாம் நீல்மீதுதான் புகார்கள் குவிகின்றன: முகம் எப்போதும் வாடியே இருக்கிறது, எதிர்த்து நிற்கும் துணிவில்லை, பேச்செல்லாம் தன்னிரக்கம்.

அப்புகாரே படத்தைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல் என்று சில திறனாய்வாளர்கள் கருதுகின்றனர். படம் முழுவதும் ஆலின் பின்னணிக் குரல் வழியாகவே சொல்லப்படுகிறது. மூல நாவலில் ஆலும் சூவும் மாறிமாறிக் கதை சொல்ல, படத்திலோ சூவின் குரல் நீக்கப்பட்டு, ஆலின் வாக்குமூலம் மட்டுமே எஞ்சியிருக்கிறது. இரண்டு சாவுகள், இரண்டும் தற்செயல், இரண்டிலும் சாட்சி அவன் ஒருவனே; இவ்வளவும் விதியின் விளையாட்டு என்று அவன் கூறுவதை அப்படியே ஏன் ஏற்க வேண்டும் என்று ஆண்ட்ரூ பிரிட்டன் போன்ற திறனாய்வாளர்கள் வினவினர். கதை நம்பும்படியாக இல்லை என்று சாதாரணப் பார்வையாளர் சலித்துக்கொள்வதும், சொல்பவனை நம்ப இயலவில்லை என்று திறனாய்வாளர் எழுதுவதும் ஒரே அனுபவத்தின் இரு வெளிப்பாடுகளே. வேராவின் சாவுக்குப் பின் ஒளிப்பதிவுக் கருவி ஆலின் பார்வையாக அறைக்குள் அலைந்து, ஒவ்வொரு பொருளையும் முதலில் மங்கலாகவும் பின்னர்த் தெளிவாகவும் காட்டிச் செல்லும் நீண்ட காட்சி, அவன் மனம் எதைப் பார்க்க மறுக்கிறது என்னும் ஐயத்தை வலுப்படுத்துகிறது. முடிவும் அவ்வாறே: குற்றவாளி தப்பக்கூடாது என்று வலியுறுத்திய அன்றைய தணிக்கை நெறிகளுக்கு இணங்க, காவல்துறையின் கார் ஒன்று வந்து ஆலை ஏற்றிக்கொள்கிறது. அது உண்மையில் நிகழ்வதா, என்றேனும் நிகழும் என அவன் அஞ்சுவதா என்பது அவன் குரலைக் கேட்பவர் முடிவுக்கே விடப்பட்டிருக்கிறது.

இப்படத்தைப் போற்றுவோர் நெடுங்காலம் ஒரு புனைவையும் சேர்த்தே போற்றிவந்தனர். ஆறே நாளில் எடுத்ததாக உல்மரே கூறியதும், செலவு 20,000 டாலர் அளவே என்ற செய்தியும் பரவியிருந்தன. 1945 ஜூன் மாதத்துக்குரிய படப்பிடிப்புப் பிரதியின் முகப்பில் 14 நாள்கள் எனக் குறிக்கப்பட்டிருப்பதை அவருடைய மகள் பின்னர் வெளிப்படுத்தினார். செலவு 1,00,000 டாலரை ஒட்டியிருந்ததை ஆய்வாளர் நோவா ஐசன்பெர்க் கண்டறிந்தார். அப்போதும் அது சிறிய தொகைதான். ஆனால் ஆறு நாள் கதையைப் பாராட்டின் அடிப்படையாகக் கொள்வது உல்மரின் திறமைக்கே இழைக்கும் அநீதி; மூடுபனியும் நிழல் இசைக்குழுவும் அவசரத்தில் தானாக விளைந்தவை அல்ல, கலையறிந்தவர் எண்ணித் தேர்ந்தவை.

பதிப்புரிமை புதுப்பிக்கப்படாமல் பொதுவுடைமையாகிவிட்டதால், ‘டீடூர்’ பல பத்தாண்டுகள் தேய்ந்த பிரதிகளாகத் தொலைக்காட்சியிலும் மலிவு ஒளிநாடாக்களிலும் உலவியது. அதன் இரசிகர் கூட்டம் அவ்வழியே பெருகியது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் 1992இல் அது இடம்பெற்றது. திரைப்படக் கல்லூரியில் தேர்ச்சி பெறாத அளவுக்குக் குறைகள் நிறைந்திருந்தும் மறக்க முடியாத படம் என்ற கருத்தை எழுதிய ராஜர் ஈபர்ட், தம் சிறந்த படங்களின் வரிசையில் அதைச் சேர்த்தார். 2018இல் அமெரிக்கத் திரைக்கலைக் கழகத்தின் ஆவணக்காப்பகம், பெல்ஜியத்தில் கிடைத்த பிரதியில் பதிந்திருந்த பிரெஞ்சு, பிளெமிஷ் துணைத்தலைப்புகளைக் கணினி வழியே நீக்கிப் படத்தைப் புதுப்பித்தது. இருளும் நிழலும் தனித்தனியே தெரியும் அப்பிரதியைப் பார்க்காமல், தேய்ந்த பிரதி ஒன்றை மட்டும் கண்டு இப்படத்துக்குத் தீர்ப்புச் சொல்வது முறையாகாது. முதன்முறையாகப் பார்க்க விரும்பும் வாசகர்கள் அதையே தேடிப் பார்க்க வேண்டும்.