தூணும் முற்றமும் பார்த்து முன்பணம் கட்டும் முன்

புதுச்சேரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இப்போது ஓட்டலில் நாலு ரூம் போடுவதைவிட ஒரு பழைய வீட்டை மொத்தமாக எடுக்கவே ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தப்பில்லை. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே மதில் சுவரும் உயரமான ஜன்னலும் கொண்ட பிரெஞ்சு வீடுகள். மேற்கே தாழ்வாரம், திண்ணை, முற்றம் என்று நீளும் தமிழ் வீடுகள். இந்த மேற்குப் பகுதியில்தான், மரத்தூண் தாழ்வாரங்களைச் சீரமைத்ததற்காக 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது பெற்ற வைசியாள் வீதி இருக்கிறது. தாத்தா பாட்டி ஊஞ்சலில், பிள்ளைகள் முற்றத்தில், சமையலுக்கு அடுப்படி. வேறென்ன வேண்டும்?

வேண்டியது ஒன்று இருக்கிறது: யாரிடம் வாடகைக்கு எடுக்கிறோம் என்ற தெளிவு. இந்த வீடுகளில் பல, பிள்ளைகள் பிரான்சிலோ சென்னையிலோ குடியேறிவிட்ட குடும்பங்களுடையவை. வீடு ஒருவர் பெயரில் இருக்கும். அதைக் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்து நடத்துபவர் இன்னொருவர். சாவி தரும் கேர்டேக்கர் மூன்றாமவர். பணம் வாங்கியது ஒரு இணையதளம். எல்லாம் நன்றாக நடக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் நின்றால் நால்வரும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். ஆகவே பணம் கட்டும் முன் நடத்துபவரின் பெயர், முகவரி, வணிக உரிம எண் மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தருவதற்குத் தயங்குகிறவரிடம் திண்ணை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது, அப்படி ஒரு வீடே இல்லாத மோசடி. நீண்ட விடுமுறைகளும் புத்தாண்டும் வந்தால் இது பெருகும். உண்மையான வீட்டின் படங்களை எடுத்து, மேப்பில் தன் எண்ணைப் போட்டு, வாட்ஸ்அப்பில் பேசுவார்கள். பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான்: "சார், இன்னும் ரெண்டு பார்ட்டி கேட்டுட்டு இருக்காங்க, அட்வான்ஸ் போட்டாத்தான் பிளாக் பண்ண முடியும்." அட்வான்ஸ் போனதும், "ஜிஎஸ்டிக்காக இன்னொரு தொகை அனுப்புங்க, உடனே திரும்பி வந்துடும்" என்று அடுத்த கொக்கி. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று க்யூஆர் கோடு அனுப்பினால் ஸ்கேன் செய்யவே கூடாது. பணம் பெறுவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் எண்ணும் வேண்டாம். வீடியோ காலில் தெரு முனையிலிருந்து நடந்து வந்து கதவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நிஜமாக வீடு வைத்திருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் முடக்க முடிந்தால்தான் மீட்க வழி இருக்கும். வங்கிக்கும் அதே சூட்டில் தகவல் கொடுங்கள்.

வீடு நிஜம் என்றானபின் கவனிக்க வேண்டியது அதன் உடம்பை. புதுப்பித்தல் என்பது சில இடங்களில் உண்மையான மராமத்து. சில இடங்களில் ஈரச் சுவர் மேல் அடித்த புது வண்ணம். இவை சுண்ணாம்புச் சுவர் வீடுகள். தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கல்லைக் குத்தி அடுக்கிய மெட்ராஸ் ஒட்டுதான் கூரை. தண்ணீர் இறங்கி கட்டையின் முனை சுவருக்குள் உளுத்துப்போனால் கீழே இருப்பவருக்குத் தெரியாது. கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நகர மண்டபம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததை ஊர் மறக்கவில்லை. இன்று அங்கே நிற்பது திரும்பக் கட்டியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போகிறீர்கள் என்றால், படுக்கைக்கு மேலே கூரையில் பழுப்பு வளையமோ, கட்டை ஓரத்தில் மரத்தூளோ இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். இருந்தால் வேறு அறை கேளுங்கள். இல்லையென்றால் வேறு வீடு.

என்னைக் கேட்டால், கூரையைவிடப் பெரிய ஆபத்து வெளியேறும் வழியில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி வீடுகள் பக்கத்து வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டியவை. பக்கவாட்டில் ஜன்னல் கிடையாது. வாசல் ஒன்று, கொல்லைக் கதவு ஒன்று, அவ்வளவுதான். வீட்டை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து வாடகைக்கு விடும்போது முதலில் அடைபடுவது கொல்லைக் கதவு. தெருப்பக்க ஜன்னலில் கம்பி. நடு இரவில் ஏ.சி. புகைந்தால் மாடியில் படுத்திருக்கும் பாட்டி செங்குத்தான மரப்படியில் இறங்கி, ஒரே வாசலுக்கு வர வேண்டும். போனதும் முதல் வேலையாக அந்தக் கொல்லைக் கதவைத் திறந்து பாருங்கள். அதன் முன் வாஷிங் மெஷினை வைத்திருந்தால் நகர்த்தச் சொல்லுங்கள். வாசலுக்கு உள்பக்கம் சாவி இல்லாமல் திறக்கும் தாழ்ப்பாள் இருக்க வேண்டும்.

மின்பெட்டியையும் திறந்து பாருங்கள். ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சில் 'டெஸ்ட்' என்று சின்னப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் 'டக்'கென்று மின்சாரம் போக வேண்டும். போகவில்லையென்றால், மின்கசிவு ஏற்பட்டால் உயிரைக் காக்கும் கருவி வேலை செய்யவில்லை என்று பொருள். அது சரியாகும்வரை கீசரைத் தொடாதீர்கள். முற்றத்தில் மழைநீர் விழுந்த இடத்தில் இப்போது குட்டி நீச்சல்குளம் கட்டுவது மோஸ்தர். வேலியும் மூடியும் இல்லாத குளம் இருக்கும் வீட்டுக்கு மூன்று வயதுப் பிள்ளையோடு போக நான் ஒப்பமாட்டேன். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் உங்கள் இடுப்பளவுகூட இல்லையென்றால் மாடிக் கதவைப் பூட்டச் சொல்லுங்கள்.

"விபத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று வாசலில் பலகை மாட்டியிருப்பார்களே? அந்தப் பலகைக்கு நாம் நினைக்கும் அளவு சக்தி கிடையாது. 1998-ல் டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டலில் சாவியைக் கொடுத்து நிறுத்திய கார் திருடு போனது. சீட்டில் 'உரிமையாளர் பொறுப்பில்' என்றுதான் அச்சிட்டிருந்தது. 2019-ல் உச்ச நீதிமன்றம், தன் பணியாளரின் கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து அப்படி ஒரு வரியால் ஓட்டல் நழுவ முடியாது என்று தீர்த்தது. பணம் வாங்கிக்கொண்டு தங்கவைப்பவர் சேவை அளிப்பவர், தங்குபவர் நுகர்வோர். வீட்டுக்காரர் உங்களைக் 'கெஸ்ட்' என்று எவ்வளவு அன்பாக அழைத்தாலும் இது மாறாது. யாருக்காவது அடிபட்டால் ஜிப்மரோ அரசு மருத்துவமனையோ எங்கே போனாலும் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) கேட்டு வாங்கி வையுங்கள். வழுக்கிய படியை அன்றைக்கே படமெடுங்கள். மறுநாள் அதில் ரப்பர் விரிப்பு முளைத்திருக்கும்.

பணக் கணக்குக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ன்படி, தானே ரத்து செய்தால் அதே மாதிரித் தொகையைத் தானும் ஏற்காத இணைய நிறுவனம், நீங்கள் ரத்து செய்ததற்கு மட்டும் கட்டணம் பிடிக்க முடியாது. முதல் திரையில் ஒரு வாடகை காட்டிவிட்டுக் கடைசித் திரையில் துப்புரவுக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று ஏற்றுவதை 2023 நவம்பரில் வந்த வழிகாட்டுதல்கள் ஏமாற்று உத்திகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான தங்குமிடத்துக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். வீட்டுக்காரர் நேரடியாக வரி கேட்டால் பில்லில் பதிவெண் இருக்கிறதா என்று பாருங்கள்: பதினைந்து இலக்கம், புதுச்சேரிக்கு 34 என்று தொடங்கும். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கவே கூடாது. இணையதளம் வழியே எடுத்தால் அந்த வரியைத் தளமே பிடித்துக் கட்டலாம்.

டெபாசிட்தான் பழைய வீட்டில் அதிகச் சண்டை வரும் இடம். பெட்டியை இறக்கும் முன் வாசலில் தொடங்கிக் கொல்லைவரை ஒரே வீடியோவாக எடுத்து, அப்போதே நடத்துபவருக்கு அனுப்பிவிடுங்கள். ஆத்தங்குடிக் கல்லில் ஏற்கெனவே உள்ள கீறல், கதவில் காணாமல்போன பித்தளைக் குமிழ் எல்லாம் அதில் வரட்டும். கடலோர ஊரில் சுவர் உப்புப் பூத்து உதிர்வது சுண்ணாம்பின் இயல்பு. உங்கள் பையன் சாய்ந்ததால் வந்ததல்ல. அதற்கு டெபாசிட்டில் பிடித்தால் பழுது பார்த்த பில்லைக் கேளுங்கள்.

ஆதார் நகலை வாட்ஸ்அப்பில் வீசுவதற்குப் பதில் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுங்கள். வாசலில் கேமரா இருக்கலாம், அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். படுக்கையறையிலோ குளியலறையிலோ இருந்தால் அது குற்றம்: தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ, பெண்களைப் படமெடுத்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-ம் சேரும். கேமராவைப் பிடுங்காதீர்கள். இருந்த இடத்திலேயே படமெடுத்து, 112-ஐ அழையுங்கள்.

புகார் என்று வந்தால் முதலில் இணையதளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு என்பது விதி. அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எனக்குத் தெரிந்து பாதிப் பிரச்சினை இந்த இடத்திலேயே இறங்கிவிடும், ஏனென்றால் நிறுவனங்களுக்குச் சின்னத் தொகையைவிடப் பெயர் பெரிது. அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சேலத்துக்காரர் இதற்காகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏற வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ம் பிரிவு, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போட இடம் தருகிறது. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தபடியே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. எதிர்த்தரப்பில் வீட்டை நடத்துபவரையும் இணையதளத்தையும் சேர்த்தே போடுங்கள். இல்லையென்றால் வந்தவர் வராதவரைக் கை காட்டுவார்.

ஒரு சின்ன நுணுக்கம். 'ஒப்பந்தமே நியாயமற்றது' என்று வாதாடினால் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும். காட்டிய வீடு வேறு, கொடுத்த வீடு வேறு, சேவை குறைபாடு என்று எழுதினால் மாவட்டத்திலேயே நிற்கும். வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வைத்திருங்கள். துண்டுத் துண்டான ஸ்கிரீன்ஷாட்டை எதிர்த்தரப்பு எளிதாக மறுக்கும். காலக்கெடு, தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு.