கரிசல் நிலத்தில் கிறிஸ்து பிறப்பு விழா

கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சியைக் குறித்து நாம் பிரசங்கிக்கும்போது, கேட்கும் சபையாரின் நிலையை அறிந்திருத்தல் ஆயரின் கடமையாகும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசல் நிலம், வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி நிலமாகும். புரட்டாசி, ஐப்பசியில் உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி ஆகியவற்றை விதைக்கின்றனர். விதைக்கும் உரத்திற்கும் களையெடுப்பிற்கும் கையிருப்பெல்லாம் செலவான பின்னரே மார்கழி பிறக்கிறது. அறுவடையோ பெரும்பாலும் தை மாதத்தை ஒட்டியே. ஆகவே டிசம்பர் 25 இங்கு வெள்ளாமை காட்டிலும் கடன் வீட்டிலும் இருக்கும் நாள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நின்ற பயிரும் நீரில் மூழ்கிற்று. பண்டிகைக்கு ஒரு வாரமே இருந்தது.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு சிற்றூரில், விழா நாளன்று ஒரு குடும்பத்தார் ஆராதனைக்கு வரவில்லை. மாலையில் சென்று விசாரித்தேன். "பிள்ளைகளுக்குத் துணி எடுக்கவில்லை, ஐயா" என்றார் தாய். அன்று காலை நான் பிரசங்கித்தது மகிழ்ச்சியைப் பற்றியே.

இத்தகையோர் மகிழ்வது எங்ஙனம்? லூக்கா 2ஆம் அதிகாரம் வானோர் பாடலுடன் தொடங்கவில்லை. பேரரசன் அகுஸ்துவின் குடிமதிப்புக் கட்டளையுடன் தொடங்குகிறது. பயணக் களைப்பிற்கும் இடமின்மைக்கும் இடையே பிறப்பு நிகழ்கிறது. இரவில் மந்தையைக் காத்துநின்றோர் அச்செய்தியைக் கேட்டனர். ஞானியரின் பொன்னைக் குறித்து எழுதியவர் மத்தேயு. லூக்காவின் மேய்ப்பர் காணிக்கை ஏதும் கொண்டுவந்ததாக எழுதப்படவில்லை. அவர்கள் கண்டார்கள், அறிவித்தார்கள், துதித்துக்கொண்டே திரும்பிப்போனார்கள். மகிழ்ச்சி அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. அவர்கள் அதை விலைகொடுத்து வாங்கவில்லை.

எனவே மூன்று காரியங்களைச் சபைகள் சிந்திக்கலாம். முதலாவது, கீத பவனி செல்லும் வீடுகளில் சிற்றுண்டியும் காணிக்கையும் கட்டாயமெனத் தோன்றலாகாது. கடன் வாங்கித் தேநீர் கொடுக்கும் வீடும் உண்டு. அங்கே ஒரு பாடலும் ஜெபமும் போதும். இரண்டாவது, கட்டட நிதி முதலிய சிறப்புக் காணிக்கைகளை அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகைக்கு ஒத்திவைக்கலாம். விளைச்சல் வீடு வந்தபின் கொடுப்பவர் மனமுவந்து கொடுப்பார். மூன்றாவது, திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களிலும் நிகழ்ச்சிகளைக் குறைத்து, நலிந்தோர் இல்லங்களை ஆயர் முன்னதாகவே சந்திக்கவேண்டும். விழா முடிந்தபின் விசாரிப்பது காலந்தாழ்ந்த அன்பாகும். இதை நான் அந்தத் தாயிடமிருந்து கற்றுக்கொண்டேன்.

மேய்ப்பர் வேலை உடையோடுதான் முன்னணையண்டை வந்திருப்பர். பழைய துணியோடு வருவோரும் தயங்காமல் நுழையும் ஆலயத்தில் கிறிஸ்து பிறப்பின் பொருள் விளங்கும்.