வசந்தமும் வாயில்லா ஜீவன்களும்

கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவுக்குக் கொடியேறி, எட்டாம் நாள் அறுபத்துமூவர் மாடவீதிகளில் பவனி வந்து முடிவதற்குள், மயிலாப்பூர் வீடுகளில் வேம்பு பூத்து, குயில் கூவி, பிள்ளைகளின் பரீட்சை ஜுரமும் மெல்ல இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் சென்னையின் வசந்தம் நாள் முழுவதும் நீடிப்பதன்று. சூரியோதயத்தையொட்டி இரண்டு மூன்று நாழிகை, அந்தியில் கடற்காற்று வீசும் வேளை, அவ்வளவே. ஆகையால் விடுமுறையில் நாயை அழைத்துக்கொண்டு எங்கே போகலாம் என்று குழந்தைகள் கேட்கும்போது, எப்போது போகலாம் என்பதைத்தான் பெரியவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

நமக்குத் தேகமெங்கும் வியர்த்து உஷ்ணம் தணிகிறது. நாய்க்கோ பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்குமாதலால், அது நாவைத் தொங்கவிட்டு இரைத்து இரைத்தே உடற்சூட்டைக் குறைத்துக்கொள்கிறது; கடலோர நகரத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் அந்த இரைப்பும் முழுப் பயனைத் தருவதில்லை. 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை அதற்கு இயல்பான சூடு. 41 டிகிரியைத் தாண்டினால் பிராணாபத்து. சப்பை மூக்குள்ள பக் போன்ற இனங்களுக்கு இந்தச் சிரமம் இரட்டிப்பு. அப்படிப்பட்ட ஒன்றைக் குளிரூட்டிய அறையில் செல்லமாக வளர்த்துவிட்டு, விடுமுறை உற்சாகத்தில் நண்பகலில் பாண்டி பஜார் நடைபாதையில் இழுத்துச் செல்கிறவர்களைக் காணும்போது, அன்பு இருந்தும் விவேகம் இல்லையே என்று மனம் சலிக்கிறது. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு வரை எண்ணும்படி குழந்தையிடமே சொல்லுங்கள். எண்ணி முடிப்பதற்குள் கை சுட்டால் அன்றைய உலா கிடையாது. தாங்களே பரீட்சை அதிகாரிகளாகும் இந்த வேலையைப் பிள்ளைகள் பரம உற்சாகத்தோடு செய்வார்கள்.

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை வைகறையில் ஓடி விளையாட உகந்த இடந்தான். எனினும் தை முதல் பங்குனி வரை அந்த மணலில் வேறொரு ஜீவனுக்கும் பாத்தியதை உண்டு. பங்குனி ஆமை என்று தமிழில் வழங்கும் ஆலிவ் ரிட்லி, இரவில் கரையேறிக் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குப் போய்விடும். அந்தக் குழிகளை மோப்பம் பிடித்துக் கிளறுவதில் நாய்கள் மகா சமர்த்தர்கள். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இக்கரையோரம் இரவு நடை நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்து, ஏழு வாரம் சென்று வெளிவரும் குஞ்சுகளைக் கடலில் விட்டுவருகிறார்கள். குஞ்சுகள் விடப்படும் மாலைக்குக் குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். நாய் வீட்டிலேயே இருக்கட்டும். மற்ற நாட்களிலும் மணலில் அதன் வாரைக் கழற்றிவிட வேண்டாம்.

அடையாற்றுக்கு வந்தவர்கள் ருக்மிணி தேவி அருண்டேலை நினையாமல் திரும்பலாகாது. கலாக்ஷேத்திரத்தை நிறுவியவர் என்ற அளவிலேயே பலரும் அவரை அறிவார்கள். 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பெற்ற அவர், பிராணிகள்மீது நிகழும் கொடுமையைத் தடுக்க ஒரு மசோதாவைத் தாமே கொண்டுவந்தார். அரசாங்கமே சட்டம் செய்யும் என்று நேரு அளித்த வாக்குறுதியை ஏற்று அதைத் திரும்பப் பெற்றார். வாக்குறுதி 1960-இல் சட்டமாயிற்று. 1962-இல் தோன்றிய பிராணிகள் நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். நாட்டியம் கற்கப் போகும் பெண்குழந்தைகளுக்கு இந்தக் கதையையும் யாராவது சொல்லலாம்.

பகற்பொழுது வீட்டுக்குள்ளேதான். மண்சட்டியில் தண்ணீர் மாற்றுவதும், சீப்பால் வாரிக் காதுமடலிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்ப்பதும் எட்டு வயதுப் பிள்ளையால் முடியக்கூடியவையே. வருஷப்பிறப்புப் பாயசத்தை மட்டும் பங்குபோட விடாதீர்கள்: அதில் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்க வல்லது. மாங்கொட்டை குடலை அடைக்கும். வெங்காயச் சாம்பாரும் ஆகாது. கூண்டுக்கிளி வேண்டுமென்று அடம்பிடிக்கும் குழந்தைக்கு, நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் அடைத்து வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்லிவிட்டு, மொட்டைமாடியில் பறவைகளுக்கு ஒரு தண்ணீர்த் தட்டு வைக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடலாம்.

வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் விடுமுறையின் தொடக்கத்திலேயே போட்டுவிடுவது உசிதம். 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்து வைத்தியரிடமோ போகும்போது குழந்தையும் உடன் வந்து, அடுத்த ஊசிக்குரிய தேதியைத் தன் கையாலேயே குறித்துக்கொள்ளட்டும். விளையாட்டில் பல்லோ நகமோ பட்டுவிட்டால், ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல், சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். வீட்டில் சொன்னால் நாயைத் துரத்திவிடுவார்களோ என்று காயத்தை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. துரத்தமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.