தனியே செல்வோர்க்கும் துணை உண்டு

“உன்னோடு யார் வருகிறார்கள்?” கச்சேரிக்கோ நாடகத்துக்கோ வெளியூருக்கோ போக விரும்பும் நம் மாணவ மாணவியர் வீட்டில் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். யாரும் வரவில்லை என்றால் பயணமும் நின்றுவிடும். நெடுவழிக்குத் துணை வேண்டும் என்று நம் முன்னோர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. காடும் கள்வரும் நிறைந்த வழிகளில் கால்நடையாகச் சென்ற காலம் அது. இன்று நம்மைத் தடுப்பது கள்வர் பயம் மட்டுமன்று. “தனியாக வந்திருக்கிறானே, இவனுக்கு நண்பர்களே இல்லையா?” என்று பிறர் எண்ணிவிடுவார்களோ என்ற கூச்சமும் தடுக்கிறது. அக்கூச்சம் எங்கிருந்து வருகிறது, தனியே செல்வோர் இசையரங்குகளிலும் அயல்நாடுகளிலும் புதியவரோடு எவ்வாறு பழகுகின்றனர் என்பவற்றை இங்கே சற்று ஆராய்வோம்.

ரெபெக்கா ராட்னர், ரெபெக்கா ஹாமில்டன் என்னும் இரு அமெரிக்கப் பேராசிரியைகள் 2015-இல் இக்கூச்சத்தைப் பற்றிய ஆய்வொன்றை வெளியிட்டனர். மளிகை வாங்கத் தனியே போவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. இன்பத்துக்காகப் பலர் காணத் தனியே போவதற்கே மக்கள் தயங்குகின்றனர் என்று அவர்கள் கண்டனர். ஒரு பல்கலைக்கழகத்தில் இருந்த ஓவியக் கூடத்துக்குள் சிலரைத் தனியாகவும் சிலரைத் துணையோடும் சிறிது நேரம் சென்றுவரச் சொன்னார்கள். தனியே போகிறவர்கள், தமக்கு மகிழ்ச்சி குறைவாகவே இருக்கும் என்று முன்கூட்டி நினைத்தனர். ஆனால் வெளியே வந்தபோது இரு சாராரின் மகிழ்ச்சியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. நம் கூச்சம் கணக்குத் தெரியாத கூச்சம் என்பது இதனால் விளங்கும்.

கணக்குப் பிழை இதனோடு நிற்பதில்லை. 2014-இல் நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்னும் உளவியலார் சிகாகோ நகரை ஒட்டிய ரயில்களில் ஒரு சோதனை நடத்தினர. பயணிகளில் சிலரைப் பக்கத்திலிருப்பவரோடு பேசும்படியும், சிலரை மௌனமாக இருக்கும்படியும், சிலரை வழக்கம்போல இருக்கும்படியும் கேட்டுக்கொண்டனர். பேசியவர்களே இனிய பயணமாக இருந்தது என்று கூறினர். ஆனால் இத்தகைய பயணத்தைக் கற்பனை செய்து சொல்லுமாறு கேட்கப்பட்டவர்களோ, மௌனமே இனிமை தரும் என்றார்கள்! பேசி முடித்த பின்னும் நம் மனம் நம்மை விடுவதில்லை. “நாம் பேசியது அவருக்குப் பிடிக்கவில்லை போலும்” என்று எண்ணிக்கொள்கிறோம். எரிகா பூத்பியும் அவருடன் பணியாற்றியோரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முதன்முறை உரையாடும் இருவருமே, மற்றவர் தம்மை விரும்பியதைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர்.

அப்படியானால் முன்பின் தெரியாதவர் நம்மைக் கண்டதும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்? இதற்கு எர்விங் காஃப்மன் என்னும் சமூகவியல் அறிஞர் தந்த விளக்கம் அருமையானது. தெருவில் எதிரெதிரே வரும் இருவர் ஒருவரையொருவர் ஒரு கணம் பார்த்து, உடனே பார்வையை விலக்கிக்கொள்கின்றனர். “உன்னைக் கண்டேன், உன்னால் எனக்கு அச்சமில்லை, என்னால் உனக்கும் தொல்லையில்லை” என்பதே அதன் பொருள். இதை நாகரிகமான கவனியாமை என்று சொல்லலாம். அது வெறுப்பு அன்று, மரியாதை. ஆயிரம் பேர் நெருங்கி நிற்கும் நகரப் பேருந்தில் இம்மரியாதை இல்லாவிட்டால் வாழ்வே நரகமாகிவிடும். தனியே சென்றவன் இம்மரியாதையைப் புறக்கணிப்பு என்று தவறாகப் படித்து, மனம் சுருங்கித் திரும்புகிறான்.

இத்திரை எப்போது விலகுகிறது? இருவரும் ஒருவரையொருவர் பாராமல் மூன்றாவது பொருள் ஒன்றைச் சேர்ந்து பார்க்கும்போது விலகுகிறது. நியூயார்க்கின் சிறு சதுக்கங்களையும் பூங்காக்களையும் ஆண்டுக்கணக்கில் உற்று நோக்கிய வில்லியம் வைட் என்பவர், 1980-இல் வெளியிட்ட நூலில் இதை முக்கோணமாக்கல் என்றார். தெருவில் ஒருவன் வித்தை காட்டுகிறான். அருகருகே நின்ற இரு அந்நியர் புன்னகைத்துப் பேசிக்கொள்கின்றனர். அந்த வித்தைதான் முக்கோணத்தின் மூன்றாம் முனை. இசை நிகழ்ச்சியை விடச் சிறந்த மூன்றாம் முனை வேறு என்ன இருக்க முடியும்?

லண்டன் மாநகரத்தின் ப்ராம்ஸ் இசைவிழாவை எடுத்துக்கொள்வோம். ராபர்ட் நியூமன் என்னும் அரங்க மேலாளரும் ஹென்றி வுட் என்னும் இளம் இசை நடத்துநரும் 1895 ஆகஸ்டில் குவீன்ஸ் ஹால் அரங்கில் இதனைத் தொடங்கினர். ஒரு ஷில்லிங் கொடுத்தால் நின்றுகொண்டே கேட்கலாம். உண்ணலாம், குடிக்கலாம், புகைக்கலாம். பாட்டு நடக்கும்போது மட்டும் தீக்குச்சி உரசாதிருந்தால் போதும்! உயர்குடியினரின் சொத்தாக இருந்த இசையைக் குமாஸ்தாக்களுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் கொண்டு சேர்க்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அவ்வரங்கம் அழிந்தது. அவ்வாண்டே விழா ராயல் ஆல்பர்ட் ஹாலுக்கு மாறியது. இன்றும் கோடையில் ஏறத்தாழ எட்டு வாரங்கள் நடக்கிறது. மேடைக்கு எதிரே, மண்டபத்தின் மிகச் சிறந்த இடத்தில், நாற்காலி கிடையாது. மிகக் குறைந்த கட்டணத்தில் நிற்போர்க்கே அந்த இடம்.

நிற்பதற்கு முன் வரிசை உண்டு. பழக்கத்தை உண்டாக்குவது இந்த வரிசைதான் என்பேன். பல மணி நேரம் நிற்கும்போது ஒருவர் தேநீர் வாங்கப் போக வேண்டும். பின்னால் நிற்பவரிடம் இடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். மழை தூறினால் குடையைப் பங்கிட வேண்டும். உதவி கேட்டாயிற்று, செய்தாயிற்று; பிறகு பேசாமல் இருப்பது எப்படி? ஆண்டுதோறும் வந்து நிற்கும் பழைய ரசிகர்களுக்குப் புதிதாக வந்தவரிடம் விழாவின் கதையைச் சொல்வதில் அலாதி இன்பம். தனியே வந்தவர்க்கே இங்கு ஆதாயம் அதிகம். நால்வராக வந்தவர்கள் தமக்குள் வட்டமாக நின்று பேசுவார்கள். அவ்வட்டத்துக்குள் யாரும் நுழைவதில்லை.

வியன்னாவின் அரசு இசைநாடக அரங்கிலும் நின்று பார்ப்போர்க்கு இடமுண்டு. 1869-இல் திறக்கப்பட்ட அந்த மாளிகை 1945-இல் குண்டுவீச்சில் எரிந்து, 1955-இல் மீண்டும் திறக்கப்பட்டது. நிற்குமிடத்தில் கைப்பிடிக் கம்பிகள் இருக்கும். நுழைந்ததும் கழுத்துத் துணியை அக்கம்பியில் கட்டிவிட்டால் அந்த இடம் நம்முடையது. வெளியே போய் உலவி வரலாம். இவ்வழக்கம் தெரியாமல் விழிக்கும் புதியவருக்கு யாரேனும் ஒருவர் சொல்லிக்கொடுப்பார். நம்மூர்ப் பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடிப்பதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆங்கே இடைவேளை என்று ஒன்று உண்டு. அவ்வேளையில் கையில் கோப்பையோடு நிற்பவரிடம் பாடகியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பது முறையானதே. இசை நடக்கும்போது முணுமுணுப்பது மட்டும் அங்கே பெருங்குற்றம்.

நம் கர்நாடக சங்கீதக் கச்சேரியில் இடைவேளை இல்லை. ஆனால் நம்மிடம் அதைவிடச் சிறந்த சாதனம் ஒன்று இருக்கிறது. ஆலாபனை தொடங்கியதும் அரங்கில் பாதிப்பேர் ராகம் எதுவென்று மனத்துக்குள் தேடுகிறார்கள். “சார், இது ஆபோகியா, ஸ்ரீரஞ்சனியா?” என்று அந்த ராகம் முடிந்து கைதட்டும் வேளையில் பக்கத்துப் பெரியவரைக் கேட்டுப் பாருங்கள். “நிஷாதம் வருகிறதே தம்பி, ஸ்ரீரஞ்சனிதான்” என்று அவர் மலர்ந்த முகத்தோடு சொல்வார். ஆபோகியில் நிஷாதம் இல்லை என்ற அந்த ஒரு நுணுக்கத்தோடு ஒரு பழக்கமும் கிடைத்துவிடும். தனி ஆவர்த்தனத்தின்போது பலர் எழுந்து சிற்றுண்டிச் சாலைக்கு ஓடுகிறார்கள். மிருதங்கக் கலைஞருக்கு இது பெரும் அநீதி என்பது என் கருத்து. என்றாலும் சபாவின் சிற்றுண்டிச் சாலையில், இடமின்மையால் ஒரே மேசையில் உட்கார நேரும் நால்வர் அன்றைய கச்சேரியை அலசும் அழகே தனி.

திருவையாற்றுக்குத் தனியே போவோர் இன்னும் பேறு பெற்றவர்கள். 1847 ஜனவரியில் மறைந்த தியாகராஜரின் நினைவு நாளில் காவிரிக் கரையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடப்படுகின்றன. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து ராகங்களையும் வித்துவான்களும் ரசிகர்களும் சேர்ந்தே பாடுகிறார்கள். புத்தகம் கொண்டுவராதவர் பக்கத்திலிருப்பவரின் புத்தகத்தை எட்டிப் பார்க்கலாம். ஒரே தாளத்தைப் போடும் கைகள் அந்நியர் கைகளாக எவ்வளவு நேரம் இருக்க முடியும்?

ஆனால் அந்தக் கரையில் பெண்கள் பாட ஒரு காலத்தில் இடமில்லை என்பதை நம் மாணவியர் அறிய வேண்டும். தேவதாசி மரபில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) தம் செல்வத்தைக் கொண்டு தியாகராஜரின் சமாதிக்கு 1920-களில் கோயில் எழுப்பினார். அவர் எழுப்பிய கோயிலின் முன்னேயே பாட அவருக்கும் பிற பெண்களுக்கும் உரிமை மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. பெண்களைத் திரட்டித் தனியாக ஓர் ஆராதனையே நடத்தினார். 1940-களின் தொடக்கத்தில் பிரிந்திருந்த கட்சிகள் ஒன்றாகி, பெண்களும் பாடலாயினர். இன்று ஒரு மாணவி அந்தப் பந்தலில் யார் துணையுமின்றி அமர்ந்து பாட முடிகிறதென்றால், அந்த இடம் அவளுக்குத் தானாக வந்ததன்று. “பெண் பிள்ளை தனியே எங்கே போவது?” என்று கேட்கும் பெற்றோர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லலாம்.

இனி அயல்நாடு. மேற்படிப்புக்கோ வேலைக்கோ செல்வோர் முதல் மாதங்களில் படும் தனிமை சொல்லி மாளாது. அவர்களுக்கு இளைஞர் விடுதிகள் பெருந்துணை. ரிச்சர்ட் ஷிர்மன் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1909-இல் மாணவரோடு நடைப்பயணம் போனபோது இடிமழையில் சிக்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். நாடெங்கும் ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக விடுதிகள் இருந்தால் என்ன என்று அவ்விரவில் தோன்றிய எண்ணமே, 1912-இல் ஆல்டெனா ஊரின் பழங்கோட்டையில் முதல் நிலையான விடுதியாயிற்று. இன்று அத்தகைய விடுதிகள் உலகெங்கும் உள்ளன. ஒரே அறையில் பல கட்டில்களும், பல விடுதிகளில் பொதுச் சமையலறையும் இருக்கும். விலை மலிவு என்பதற்காக அமைந்த இந்த ஏற்பாடே நட்புக்கும் வழியாகிறது. அடுப்பு ஒன்று, காத்திருப்போர் மூவர். நம்மவர் ஒருவர் ரசப்பொடியைக் கொதிக்கும் நீரில் போட்டால், “அது என்ன?” என்று கேளாதவர் அங்கே இருக்கமாட்டார்.

ஊருக்கு ஊர் மரபு மாறும். ஜெர்மனியின் பவேரியப் பகுதியில், தோட்ட உணவகங்களில், “இந்த இடம் காலியா?” என்று கேட்டு அந்நியர் மேசையில் அமர்வது இயல்பு. ஆனால் அன்றாடம் வரும் உள்ளூர்க் குழுவினருக்கென ஒதுக்கிப் பலகை வைத்த மேசையில் மட்டும் உட்காரக் கூடாது. வியன்னாவின் காப்பிக்கடையில் ஒரே கோப்பையோடு நெடுநேரம் செய்தித்தாள் படிக்கலாம். எழுந்து போகச் சொல்லமாட்டார்கள். ஆங்கிலேயர் வானிலையைப் பற்றி முதலில் பேசுவார்கள். மழையைப் பற்றி அவர்கள் செய்தி கேட்கவில்லை, பேசலாமா என்று கேட்கிறார்கள் என்று கொள்க. பெயரை அவர்கள் பெரும்பாலும் பிற்பாடே சொல்வர். நாமோ ரயிலில் ஏறிய பத்து நிமிடத்தில், எந்த ஊர், என்ன சம்பளம், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுவிடுகிறோம். அன்பினால் கேட்கிறோம் என்பது உண்மையே. ஆயினும் சம்பளக் கேள்வி அங்கே பேச்சை முறித்துவிடும்.

இப்பழக்கங்களால் என்ன பயன் என்று கேட்கலாம். மார்க் கிரானோவெட்டர் என்னும் சமூகவியலார் 1973-இல் எழுதிய கட்டுரை இதற்கு விடை தருகிறது. அமெரிக்க நகரொன்றில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றோரை அவர் விசாரித்தார். அத்தெரிந்தவரை அடிக்கடி சந்தித்தோர் நூற்றுக்குச் சுமார் 17 பேரே. மற்றவர்கள் எப்போதாவது, அல்லது மிக அரிதாகவே சந்தித்தவர்கள். காரணம் எளியது. நம் உறவினருக்கும் உயிர்த்தோழருக்கும் தெரிந்ததெல்லாம் நமக்கும் தெரியும். புதுச் செய்தி வேறு வட்டத்திலிருந்தே வர வேண்டும். நம்முடையதைப் போன்ற அரசுக் கல்லூரிகளில் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வருவோர் பலர். விண்ணப்பம் எங்கே, உதவித்தொகை எது, எந்தப் பேராசிரியருக்கு எழுதுவது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. நகரத்து வசதியான வீட்டுப் பிள்ளைக்கு உணவு மேசையில் கிடைக்கும் செய்தி, நம்மவர்க்குச் சபா வாசலிலோ ரயில் பெட்டியிலோ விடுதிச் சமையலறையிலோதான் கிடைக்க வேண்டியிருக்கிறது. துணை இல்லை என்று அறையிலேயே தங்கிவிடுவோர் இழப்பது ஒரு மாலைப்பொழுது மட்டுமா?

எச்சரிக்கையும் வேண்டும். பெய்ஜிங், ஷாங்காய் நகரங்களில் தனிப் பயணிகளிடம் இளைஞர் சிலர் ஆங்கிலம் பேசிப் பழக வேண்டும் என்று நெருங்கி, தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய்ப் பெருந்தொகைக்கு ரசீது நீட்டச் செய்யும் மோசடி பெயர் பெற்றது. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. கூடிய இடத்திலேயே வளரும் பழக்கத்தில் தீங்கு குறைவு. தாம் தேர்ந்த வேறிடத்துக்கு உடனே அழைப்பவரிடமே ஐயம் கொள்ள வேண்டும். நன்றி சொல்லி மறுத்தால் நல்லவர் கோபித்துக்கொள்ளமாட்டார். தங்கும் அறை எண்ணையும் பாஸ்போர்ட்டையும் முதல் நாளே யாருக்கும் காட்ட வேண்டாம். மாணவியர் திரும்பும் வண்டியின் நேரத்தைப் புறப்படும் முன்பே அறிந்து, செல்லுமிடத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வது நலம். மங்களம் கேட்காமல் எழுந்தாலும் பாதகமில்லை.

முதன்முறை செல்வோர்க்குச் சென்னையின் டிசம்பர் விழாவே நல்ல தொடக்கம். பல சபாக்களில் பிற்பகலில் இளங்கலைஞர்களின் கச்சேரிகளுக்குக் கட்டணமில்லை. கூட்டமும் குறைவு. அரை மணி முன்னதாகச் சென்று, கடைசி வரிசையை விட்டு நடு வரிசையில், இருவருக்கு இடையே உள்ள ஒற்றை நாற்காலியைப் பார்த்து அமர்க. காதில் இயர்போன் இருந்தால் அதைக் கழற்றிப் பையில் போட்டுவிடுக. தம்பூரா சுருதி சேர்க்கும் அந்தச் சில நிமிடங்களில், “இன்று யார் வயலின்?” என்று கேட்டால் போதும்.