ஒற்றை முட்டையும் ஓராயிரம் முட்டையும்

ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் உயிர் ஒன்று; ஒரே தடவையில் ஆயிரக்கணக்கில் இடும் உயிர் மற்றொன்று. இவற்றுள் எது எளிதில் அழியும்? "முதலாவதுதான்" என்று சொல்லத் தோன்றுகிறது, அல்லவா? அவசரப்படாதீர்கள்! மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் வாழும் இரண்டு உயிர்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

நீலகிரியை ஒட்டிய மோயாற்றங்கரையில், உயர்ந்த நீர்மருது மரங்களில் கூடு கட்டுகிறது வெண்முதுகுப் பாறு. இறந்த விலங்குகளைத் தின்று காட்டைத் தூய்மையாக்கும் பறவை இது. ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்யச் சுமார் 5 ஆண்டுகள் ஆகும்.

இப்போது ஒரு கணக்கு. 5 குஞ்சுகளில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாயும் தந்தையும் தங்களுக்கு ஈடாக இரண்டு வாரிசுகளை விட்டுச் செல்ல எத்தனை ஆண்டுகள் முட்டையிட வேண்டும்? 10 ஆண்டுகள்! ஆகவே இந்த இனத்தின் பலம் வளர்ந்த பறவையின் நீண்ட ஆயுளில்தான் இருக்கிறது.

அந்தப் பலத்தை முறித்தது ஒரு வலி நீக்கி மருந்து, பெயர் டைக்ளோஃபினாக். அது செலுத்தப்பட்ட மாடு இறந்தால், அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரே சடலத்தைப் பல பாறுகள் கூடித் தின்னும். எனவே நூற்றில் ஒரு சடலத்தில் மருந்து இருந்தாலே பேரழிவுதான். 1990களில் தொடங்கி இந்தியாவில் இவ்வினம் 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. காரணம் 2004இல் வெளிப்பட்டது. 2006இல் இந்தியா அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது.

அடுத்தது ஊதாத் தவளை. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கண்டறியப்பட்டு, 2003இல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கரையான் தின்று கழிக்கும். பருவமழை நெருங்கும்போது சில நாட்கள் வெளிவந்து, ஓடைப் பாறை இடுக்குகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தலைப்பிரட்டைகள் உறிஞ்சி போன்ற வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு, பாய்ந்தோடும் நீரில் சில மாதங்கள் வளரும். அந்த ஓடையில் தடுப்பணை கட்டி நீரோட்டத்தை நிறுத்தினால் என்ன ஆகும்? தாய்த் தவளை மண்ணுக்குள் நலமாகவே இருக்கும், வாரிசுதான் இராது!

முட்டைகளின் எண்ணிக்கை மட்டும் ஓர் இனத்தைக் காப்பதில்லை என்று புரிகிறதா? பாறுக்கு ஆபத்து முதுமை வரை வாழ வேண்டிய பறவைக்கு; தவளைக்கோ தலைப்பிரட்டைப் பருவத்தில். எனவே பாதுகாப்பும் வேறுபடும். ஒன்றுக்கு நஞ்சில்லா இரை வேண்டும். மற்றதற்குத் தடையின்றி ஓடும் ஓடை வேண்டும்.

உங்கள் வீட்டு மாட்டுக்கு வலி நீக்கி ஊசி போடும்போது, மருந்தின் பெயரைக் கேளுங்கள். மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கு செய்யாதது.